இண்டைக்கு வேண்டாம், சுவாமி



விடுமுறை நாட்கள் வந்துவிட்டால் எங்கள் பங்குகளில் பயண ஏற்பாடுகள் தொடங்கிவிடும். மடுவுக்கு ஒரு பஸ், கடற்கரைக்கு ஒரு பஸ், தீவுகளுக்கு ஒரு வள்ளம். நல்ல காரியந்தான். உழைத்துக் களைத்த மனிதன் ஓய்ந்திருந்து இறைவனின் படைப்பைப் பார்த்து மகிழ்வதும் ஒருவகைச் செபமே. ஆனால் நான் இன்று உங்களுக்குச் சொல்லப்போவது போய்ச் சேராத ஒரு பயணத்தைப் பற்றி. அதில் பிழை செய்தவன் நான். குருவானவர் ஒருவர் தம்முடைய குறையைப் பத்திரிகையில் எழுதுவது வழக்கமில்லை. வாரந்தோறும் பாவசங்கீர்த்தனத்தில் உங்கள் குறைகளைக் கேட்கிறவன், ஒருமுறை தன் குறையை உங்களுக்குச் சொன்னால் குற்றமாகாது என்று துணிந்து எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறை. பீடப்பணிச் சிறுவர்கள், பாடகர் குழுப் பிள்ளைகள், சில குடும்பங்கள் என நாற்பது பேரளவில் நெடுந்தீவுக்குப் புறப்பட்டோம். பிள்ளைகள் பல நாட்களாக இதே பேச்சாக இருந்தார்கள். பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளையும், தரவையில் கட்டாக்காலிகளாகத் திரியும் குதிரைகளையும், பருத்த பெருக்கமரத்தையும், கடலோரத்தில் இடிந்து கிடக்கும் கோட்டையையும் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் அவர்கள். எங்களோடு ஒரு மூதாட்டியும் வந்திருந்தார். நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவர். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர், பிறகு கனடா போய்விட்டார். மகனோடு இரண்டு கிழமை விடுமுறைக்கு வந்திருந்தார். பிறந்த வளவை ஒருமுறை பார்க்க வேண்டும், தாய் தகப்பனின் கல்லறையில் ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்பதே அவருடைய ஆசை. மூன்றாம் நாள் அவருக்கு விமானம்.

விடியற்காலையில் பூசை முடித்து, கட்டுச்சோற்றோடு பஸ் ஏறி, பண்ணைப் பாலம் கடந்து, புங்குடுதீவின் அந்தத்தில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தோம். முன்கூட்டியே வாடகைக்குப் பேசிய வள்ளம் கட்டிக்கிடந்தது. அதன் அணியத்தில் புனித அந்தோனியாரின் படம். ஓட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர், நம் சமயத்தவர். அவர் எங்களைக் கண்டதும் ஏறச் சொல்லவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

“இண்டைக்கு வேண்டாம், சுவாமி. வெளியில கடல் சரியில்லை. சோளகம் மத்தியானத்துக்கு மேல இன்னும் ஏறும்.”

நான் கடலைப் பார்த்தேன். இறங்குதுறையடியில் தண்ணீர் குளம்போலக் கிடந்தது. நல்ல வெயில். “இங்கை அலையே இல்லையே” என்றேன். “இங்கை இருக்காது, சுவாமி” என்றார் அவர். நான் திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். மூதாட்டி கைப்பையில் மெழுகுதிரிகளை வைத்துக்கொண்டு ஒரு கல்லில் அமர்ந்திருக்கிறார். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. இவர்களிடம் போய் எதைச் சொல்வது? அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தை இது: “அந்தோனியாரை வேண்டிக்கொண்டு வெளிக்கிடுவம். நானும் வாறன்தானே.”

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கயிற்றை அவிழ்த்தார்.

கடற்றொழில் தெரியாத வாசகர்களுக்காக ஒன்றை விளக்கவேண்டும். குறிகட்டுவானிலிருந்து பார்த்தால் நெடுந்தீவு தென்மேற்கே கிடக்கிறது. சோளகக் காற்றும் தென்மேற்கிலிருந்தே வீசுகிறது. துறையை விட்டுக் கொஞ்சத் தூரம் வரைக்கும் நிலம் காற்றை மறைத்துக்கொள்ளும். அந்த மறைப்புத் தாண்டியதும் காற்றும் கடலும் நேரே முகத்தில் அடிக்கும். பாக்கு நீரிணையோ ஆழங் குறைந்த கடல். ஆழ்கடல் அலைபோல நீண்டு உருண்டு வராது. குறுகிய அலைகள் குத்தென்று எழும்பி, மூச்சுவிட நேரந்தராமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இதெல்லாம் அந்த ஓட்டிக்குத் தெரியும். பிற்பாடு கேட்டறிந்தபடியால்தான் இன்று எனக்கும் தெரியும்.

இருபது நிமிடம் வரை மாதா பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். பிறகு முதலாவது அலை அணியத்தின் மேலாக வந்து விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது அலைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சாப்பாட்டுப் பார்சல்கள் தண்ணீரில் மிதந்தன. பிள்ளைகள் சத்தியெடுத்தார்கள். அப்போதுதான் கவனித்தேன், படம் எடுப்பதற்காக நாலைந்து சிறுவர்கள் உயிர்காப்பு அங்கியைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஏறும்போது எண்ணிப் பார்க்கவேண்டியவன் நான், பார்க்கவில்லை. ஓட்டி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, அணியத்தை அலைக்கு நேரே பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். முன்னே போகிறவரை வள்ளத்துக்கு ஆபத்துக் குறைவு. திருப்பும்போதுதான் அலை பக்கவாட்டில் அடிக்கும். இரண்டு அலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி வரும்வரை காத்து நின்று, சட்டென்று திருப்பினார். வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. சிறுவன் ஒருவன் விளிம்புவரை வழுக்கிப் போனான். பக்கத்திலிருந்தவர் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அந்த ஒரு கணத்தை நான் எத்தனையோ இரவுகளில் நினைத்திருக்கிறேன்.

அதற்கு முந்திய ஆண்டு, 2017 ஓகஸ்டில், மண்டைதீவுக் கடலில் படகு கவிழ்ந்து மாணவர்கள் ஆறுபேர் இறந்ததை யாழ்ப்பாணத்தில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அவர்களுக்காகப் பூசையில் மன்றாடியவர்களில் நானும் ஒருவன். மன்றாடி ஓராண்டு கழிவதற்குள் நாற்பது உயிர்களைக் கடலில் ஏற்றினேன்.

இறங்குதுறைக்குத் திரும்பி வந்ததும் இன்னொரு புயல் எழும்பியது. போகாத பயணத்துக்கு வாடகை எதற்கு என்று மூதாட்டியின் மகன் சத்தம் போட்டார். இன்னும் இரண்டொருவர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். நான் வாய்திறக்கவில்லை. ஓட்டி யாரோடும் வாதாடாமல் வள்ளத்திலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். மூதாட்டி எழுந்து போய்ப் பேசிய தொகையை முழுதாக எண்ணி அவர் கையில் வைத்தார். மகனுக்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “ஐயாவும் சோளகத்துக்கு வள்ளம் இறக்கமாட்டார், தம்பி.” பிறகு நெடுந்தீவு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெழுகுதிரிகள் நனைந்துவிட்டன.

எல்லோரும் பஸ்ஸில் ஏறிய பிறகு ஓட்டி என்னிடம் வந்தார். “சுவாமி சொன்னபடியால் வெளிக்கிட்டன். வேற ஆள் கேட்டிருந்தால் கயிறு அவிழ்த்திருக்கமாட்டன். அது என்ர பிழை” என்றார். என்னைக் குற்றஞ்சாட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் தன்னைக் குற்றஞ்சாட்டிக்கொண்டார்.

அன்றிரவு அப்போஸ்தலர் பணி நூலின் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பலமுறை வாசித்த பகுதிதான். அன்றைக்குத்தான் என்னைப் பற்றி எழுதியிருப்பதாகத் தெரிந்தது.

உங்களுக்குத் தெரிந்த கதை. புனித சின்னப்பரை, இன்றைய விவிலியத்தில் பவுல் என்று நாம் வாசிக்கும் அப்போஸ்தலரை, கைதியாக உரோமைக்குக் கொண்டுபோகிறார்கள். அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போகும் கப்பல், உள்ளே கோதுமை. கப்பலில் 276 பேர். கிரேத்துத் தீவில் நல்ல துறை என்று பெயர்கொண்ட இடத்தில் நங்கூரமிட்டிருக்கிறார்கள். யூதருடைய நோன்பு நாளும் கடந்து, கடற்பயணத்துக்கு ஆகாத காலம் வந்துவிட்டது. சின்னப்பர் எச்சரிக்கிறார்: இப்போது புறப்பட்டால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமல்ல, நம் உயிர்களுக்கும் கேடு வரும் என்கிறார்.

அவர் சொன்னதைக் கைதியின் பயந்த பேச்சு என்று எண்ணவேண்டாம். கடலை அறிந்தவர் அவர். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், தாம் மூன்றுமுறை கப்பற்சேதத்தில் அகப்பட்டதையும், ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் கழித்ததையும் எழுதுகிறார். அந்த நிருபம் இந்தப் பயணத்துக்கு முன்னரே எழுதப்பட்டது. ஆக, இது அவருக்கு நாலாவது. அப்படிப்பட்டவர் வேண்டாம் என்கிறார். யார் கேட்டார்கள்? பொறுப்பாயிருந்த நூற்றுவர் தலைவன் யூலியு கெட்டவனல்ல. சின்னப்பரிடம் அன்பாயிருந்தவன் என்று லூக்காஸ் எழுதுகிறார். ஆனால் கப்பலோட்டியும் கப்பலுக்குச் சொந்தக்காரனும் போகலாம் என்றார்கள். பலபேர் போகலாம் என்றார்கள். நல்ல துறை மாரிகாலம் தங்க வசதியில்லாத இடமாம். கொஞ்சம் தள்ளிப் பேனிக்ஸ் துறைக்குப் போனால் சௌகரியமாகத் தங்கலாமாம். அந்த நேரம் பார்த்துத் தென்றல் மெல்ல வீசியது. பார்த்தீர்களா, எல்லாம் சரியாகிவிட்டது என்று நங்கூரத்தைத் தூக்கினார்கள்.

அந்தத் தென்றலை நான் குறிகட்டுவானில் பார்த்தேன். வெயிலாகவும் அலையற்ற தண்ணீராகவும் பார்த்தேன். நாம் போக விரும்பும் வழிக்கு அடையாளம் தேடினால் அடையாளம் எப்படியும் கிடைத்துவிடும்.

எங்கள் கதையில் தொழில் தெரிந்தவர்தான் வேண்டாம் என்றார், அந்தக் கதையில் தொழில் தெரிந்தவன் போகலாம் என்றானே என்று சிலர் கேட்கலாம். உண்மை. ஆனாலும் இரண்டிலும் ஒரு பொதுவான காரியம் இருக்கிறது. யாருடைய சொல்லுக்கு அங்கே மதிப்பில்லையோ, அவன் சொன்னதுதான் சரியாயிருந்தது. அங்கே சின்னப்பர் கைதி. இங்கே ஓட்டி கூலிக்கு அமர்த்தப்பட்டவர். காசு கொடுப்பவர்கள் நாங்கள். முடிவெடுப்பவர்களும் நாங்களே என்று எண்ணிவிட்டோம். போதாக்குறைக்கு நான் குருத்துவ உடையோடு நின்றேன். எங்கள் சனங்கள் ஒரு குருவானவரின் சொல்லைத் தட்டமாட்டார்கள். அது எங்களுக்குத் தரப்பட்ட பெரிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்து ஒரு மனிதனுடைய அறிவையும் மனச்சாட்சியையும் நான் அமுக்கிவிட்டேன்.

“விசுவாசத்தோடு தானே, சுவாமி, போனீர்கள்?” என்று அன்பான ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். இல்லை. இதைத்தான் இன்று உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆண்டவரைப் பசாசு ஆலயத்தின் உச்சியில் நிறுத்திக் கீழே குதிக்கச் சொன்னபோது, வெறுமனே குதி என்று சொல்லவில்லை. சங்கீதத்திலிருந்து வேதவாக்கியம் எடுத்துக் காட்டி, தூதர்கள் தாங்குவார்கள் என்றது. கடவுளைச் சோதித்தல் ஆகாது என்று ஆண்டவர் மறுத்துவிட்டார். தந்தைமேல் அவருக்கு விசுவாசம் இல்லாமலா மறுத்தார்? நான் அந்தோனியாரின் பெயரைச் சொன்னதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். எனக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது அந்தோனியாரின் பாதுகாவல் அல்ல. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று ‘போகவில்லை’ என்று சொல்லும் சங்கடத்திலிருந்து தப்பவேண்டியிருந்தது. அதற்குப் புனிதரைத் துணைக்கு இழுத்தேன்.

கலிலேயாக் கடலில் ஆண்டவர் புயலை அடக்கினாரே என்றும் கேட்பீர்கள். அடக்கினார். அது 21 கிலோமீற்றர் நீளமும் 13 கிலோமீற்றர் அகலமுமான நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் கீழே குன்றுகளுக்கு நடுவில் கிடப்பதால், மேலேயிருந்து காற்று திடீரென்று இறங்கி அடிக்கும். 1986ஆம் ஆண்டு, வரட்சியால் நீர் வற்றியபோது, அந்த ஏரிக்கரைச் சேற்றில் ஏறத்தாழ ஆண்டவருடைய காலத்துப் படகு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். நீளம் எட்டு மீற்றர் சொச்சம். நமது கரைகளில் இழுத்து வைத்திருக்கும் வள்ளங்களைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. அப்படியொரு படகில் சீடர்கள் அகப்பட்டார்கள். ஆனால் அவர்கள் புயலைக் கண்டு, ஆண்டவர் இருக்கிறார்தானே என்று அதற்குள் படகை விடவில்லை. ‘அக்கரைக்குப் போவோம்’ என்று அவரே அழைத்தார், அவர்கள் போனார்கள், பிறகு புயல் வந்தது. வழியில் வரும் புயல் வேறு. நாம் தேடிப்போகும் புயல் வேறு.

சின்னப்பரின் கப்பலுக்குத் திரும்புவோம். வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று எழும்பியது. நம்மவர்கள் வாடை என்று சொல்லும் திசைக்காற்று. கப்பல் சிதறாதபடி அடியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், சரக்கைக் கடலில் எறிந்தார்கள், கப்பலின் தளவாடங்களையும் எறிந்தார்கள். பல நாள் சூரியனுமில்லை, விண்மீனுமில்லை. அப்போது சின்னப்பர் எழுந்து, என் சொல்லைக் கேட்டிருக்கலாமே என்றார். ஒரே ஒரு முறை சொன்னார். அந்த வசனத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் நம்மில் ஒருவரைப்போல இருந்திருப்பார். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் கணவன்மார், மனைவிமார் எங்கள் பங்கில் உண்டு. உங்கள் பங்கில் இல்லாதிருக்கட்டும். அவரோ அடுத்த மூச்சிலேயே, தைரியமாயிருங்கள், ஒருவரும் சாகமாட்டீர்கள் என்றார். பதினாலாம் நாள் விடிகிற நேரம், சாப்பிடாமல் கிடந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி கூறிப் பிட்டு உண்ணத் தொடங்கினார். அதைப் பார்த்து 276 பேரும் உணவருந்தினார்கள்.

அதற்கு முந்திய ஒரு காட்சியையும் கவனியுங்கள். கப்பலாட்கள் நங்கூரம் போடுவதுபோலப் பாசாங்கு செய்து, சிறு படகில் இறங்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்த்தார்கள். இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று சின்னப்பர் போர்வீரருக்குச் சொல்லித் தடுத்தார். ஆபத்தில் தொழில் தெரிந்தவன் நம்மோடு நிற்பது எவ்வளவு பெரிய காரியம்! எங்கள் ஓட்டி நின்றார். அவருக்கு இறங்குதுறையில் கிடைத்த கைம்மாறு வாடகைத் தகராறு.

கடைசியில் கப்பல் மால்தாத் தீவருகே தரைதட்டி உடைந்தது. நீந்தத் தெரிந்தவர் நீந்தியும், மற்றவர் பலகைகளைப் பற்றிக்கொண்டும் அனைவரும் கரைசேர்ந்தார்கள். மழையும் குளிருமாயிருந்தபடியால் அத்தீவின் மக்கள் நெருப்பு மூட்டி அவர்களை வரவேற்றார்கள். அங்கே மூன்று மாதம் தங்கவேண்டியதாயிற்று. நல்ல துறையில் மாரிகாலத்தைக் கழிக்க மனமில்லாமல் புறப்பட்டவர்கள், கப்பலையும் கோதுமையையும் இழந்து, ஈரத் துணியோடு வேறொரு தீவில் அதே மாரிகாலத்தைக் கழித்தார்கள். லூக்காஸ் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் கூறவில்லை. அவரும் அந்தக் கப்பலில் இருந்தவர்.

இனி, பயண ஏற்பாடு செய்யும் பெற்றோருக்கும், ஆசிரியருக்கும், பங்குச் சபையாருக்கும், என்னைப்போன்ற குருமாருக்கும் ஒரு வேண்டுகோள். வள்ளத்துக்குப் பேசும்போதே, காற்றுக் காரணமாகத் திரும்பினாலும் புறப்படாமல் விட்டாலும் என்ன கொடுப்பது என்று பேசி முடித்துவிடுங்கள். அன்றைய ஓட்டத்தில்தான் அன்றைய அடுப்பு எரியும் மனிதனிடம், காசு கையில் வராத நிலையில் ‘போகலாமா, கூடாதா’ என்று கேட்பது நியாயமான கேள்வியல்ல. கூலிக்காரனுடைய கூலி ஆண்டவரின் செவிக்கு எட்டும் என்று யாகப்பர் எழுதியிருப்பது வயலுக்கு மட்டுமல்ல, கடலுக்குந்தான். அவரிடம் கேட்கும்போதும், இல்லை என்று சொல்ல அவருக்கு இடம்விட்டுக் கேளுங்கள். பிள்ளைகளை எண்ணுங்கள். உயிர்காப்பு அங்கியை எண்ணுங்கள். படம் பிறகு எடுக்கலாம்.

மறு ஆண்டு மாசியில், கடல் படுத்திருக்கும் நாட்களில், அதே பிள்ளைகளோடு அதே ஓட்டியிடம் போனேன். அவர் துறையின் முனையில் நின்று வெகுநேரம் வெளியே பார்த்தார். “போவமா, சுவாமி?” என்று பீடப்பணிச் சிறுவன் ஒருவன் என் கையைப் பிடித்தான். “அவரைக் கேள், தம்பி” என்றேன்.

நெடுந்தீவில் பிள்ளைகள் குதிரைகளைத் துரத்திக்கொண்டு ஓடிய நேரத்தில், நான் ஊரவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மூதாட்டி சொன்ன வளவைத் தேடிப் போனேன். கல்வேலி ஒரு பக்கம் சரிந்திருந்தது. வீட்டின் அத்திவாரமும் கிணறும் இருந்தன. கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திச் செபித்துவிட்டு வந்தேன். அன்றிரவு கனடாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கிணத்துத் தண்ணி இப்பவும் நல்ல தண்ணியோ, சுவாமி?” என்று கேட்டார். குடித்துப் பார்க்கவில்லை, அம்மா, என்று சொல்லவேண்டியதாயிற்று.